மாமி வீட்டு ரோலர் கதவும் இடியின் மேல் விழுந்த பழியும்

யாழ்ப்பாணம் கொழும்புத்துறையில் மாமியின் வீட்டை 2016 இல் புதுப்பித்தார்கள். காசு கனடாவிலிருந்து மச்சான் அனுப்பியது. அப்போது முன்பக்கக் கராஜுக்கு ரிமோட்டில் ஏறி இறங்கும் ரோலர் கதவு ஒன்றும் போட்டார்கள். பத்தடி அகலம், எட்டடி உயரம். இத்தனைக்கும் வீட்டில் கார் கிடையாது. மச்சான் குடும்பம் வந்து நிற்கும் மூன்று கிழமைக்கு வாடகை வான் நிற்கும். மற்ற நாளெல்லாம் அங்கே நிற்பது மாமியின் ஸ்கூட்டி ஒன்றுதான். மாமிக்கு 71 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை. கோயில், சந்தை, வங்கி எல்லாம் ஸ்கூட்டியில்தான். கராஜிலிருந்து வீட்டுக்குள் போக ஒரு சின்னக் கதவு இருக்கிறது. ஆனால் இரண்டு படி ஏற வேண்டும், ஸ்கூட்டி அதால் வராது. ரோலர் கதவு நின்றுவிட்டால் மாமியும் நின்றுவிடுவார்.

2024 ஒக்டோபரில் அது நின்றது.

வாடைக்கு முந்திய மழை. பின்னேரம் தொடங்கிய இடி முழக்கம் இரவு பத்து மணி வரை ஓயவில்லை. அடுத்த நாள் காலை ரிமோட்டை அமர்த்தினால் சத்தமே இல்லை, சுவரில் உள்ள சுவிட்சுக்கும் அசைவில்லை. பக்கத்து வீட்டார் இரண்டு பேரும் தோட்டத்துக்கு வந்தவரும் சேர்ந்து கதவைத் தூக்கி, கீழே ஓர் உலக்கையை முட்டுக்கொடுத்து ஸ்கூட்டியை வெளியே எடுத்தார்கள். நான் போய்ப் பார்த்தபோதும் உலக்கை அப்படியே நின்றது. அதைக் கண்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அதற்கான காரணம் அப்போது எனக்கே முழுதாகத் தெரியாது, பிறகுதான் விளங்கியது.

எனக்கு முதல் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். கதவு போட்ட காலத்திலிருந்து அதைக் கவனிப்பவர். "இடி அடிச்சு மோட்டரும் போயிட்டுது, போர்ட்டும் போயிட்டுது. பல்லி வேற உள்ளுக்க செத்துக் கிடக்கு. புது செற் போடுறதுதான்" என்று சொல்லி 98,000 ரூபாய் விலை கொடுத்திருந்தார். மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் விஷயம் போனதும் ஒரே வரியில் பதில்: "ஐந்நூறு டொலருக்குள்ள தானே மச்சான், போடச் சொல்லு."

மாமிதான் விடவில்லை. "எட்டு வருசத்தில ஒரு சாமான் குப்பைக்குப் போறதெண்டா அது என்ன சாமான்? நீ ஒருக்கால் பாத்துச் சொல்லு தம்பி" என்றார். நான் முப்பது வருடத்துக்கு மேலாக ரேடியோ, ரிவி, பிறகு இன்வேட்டர் என்று மின்சுற்றுப் போர்ட் திருத்திப் பிழைப்பவன். ரோலர் கதவு என் தொழிலில்லை. அந்த வித்தியாசத்தை நான் அன்றே யோசித்திருந்தால் இரண்டு கிழமை மிச்சமாகியிருக்கும்.

கதவின் அமைப்பு

இது கடைகளில் காணும் பாரமான இரும்புச் சட்டர் இல்லை. தகரச் சுருள் கதவு. மேலே உருளையில் சுற்றிக்கொள்ளும், இரண்டு பக்கமும் சனல் என்ற நெடுந் தவாளிப்புக்குள் ஏறி இறங்கும். உருளைக்குள்ளே இரண்டு ஸ்பிரிங் இருக்கின்றன. கதவு இறங்கும்போது அவை முறுகும், ஏறும்போது அந்த முறுக்கே கதவைத் தூக்கிக் கொடுக்கும். ஆகவே கதவின் பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங்தான். ஓரத்தில் மாட்டியிருக்கும் மோட்டர் வெறும் 24 வோல்ற் டிசி மோட்டர். 230 வோல்ற்றை ஒரு ட்ரான்ஸ்போமர் குறைத்துக் கொடுக்க, ஒரு நைலோன் பற்சக்கரம் வழியாக அது உருளையைத் திருப்புகிறது. அது பாரம் தூக்கப் பிறந்த மோட்டர் இல்லை. சமனாக நிற்கும் கதவுக்கு ஒரு தள்ளுக் கொடுப்பதுதான் அதன் வேலை.

இன்னொன்று: மோட்டரிலிருந்து ஒரு கயிறு தொங்க வேண்டும். கறண்ட் இல்லாத நேரம் அதை இழுத்தால் மோட்டர் உருளையை விட்டுவிடும், கதவைக் கையால் தூக்கலாம். மாமி வீட்டில் அந்தக் கயிற்றைச் சுருட்டி மேலே கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். கதவைக் கவனிப்பவர்தானாம், ஒரு ஆறு மாதத்துக்கு முன்னர், "இதில ஒருத்தரும் கை வைக்கக் கூடாது" என்று சொல்லிக் கட்டிவிட்டுப் போனவர். நான் அதைப் பார்த்தேன், பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். இந்த வழக்கு முழுவதற்கும் விடை அந்தக் கம்பிக்கட்டில் இருந்தது.

முதல் சுற்று: போர்ட்

மெயின் சுவிட்சை நிறுத்தி, பெட்டியைத் திறந்து போர்ட்டையும் மோட்டரையும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பல்லி உண்மைதான். ட்ரான்ஸ்போமருக்குப் பின்னால் காய்ந்து ஒட்டியிருந்தது. ஆனால் அது கிடந்த இடத்தில் கருகல் இல்லை, தடங்களுக்குக் குறுக்கே விழவும் இல்லை. சூட்டுக்கு வந்து ஒதுங்கி அங்கேயே செத்த பல்லி. நம் ஆட்கள் பல்லி தலையில் விழுந்தால் பஞ்சாங்கம் பார்ப்பார்கள், போர்ட்டில் விழுந்தால் புது போர்ட் விலை பார்ப்பார்கள். இரண்டிலும் பல்லி பாவம்.

உண்மையில் போயிருந்தவை இவை. கறண்ட் உள்ளே வரும் இடத்தில் பியூஸ் எரிந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் வேரிஸ்ரர், பத்துச் சத அளவில் நீல வட்டமாக இருக்க வேண்டியது, வெடித்துக் கரியாகிக் கிடந்தது. வேரிஸ்ரரின் வேலையே இதுதான். வயர் வழியாக எழும்பும் அதிக மின்னழுத்தத்தைத் தன்மேல் வாங்கி, பியூஸை எரியப்பண்ணி, பின்னால் இருப்பதைக் காப்பாற்றுவது. ஆக இடி அடித்தது உண்மை, ஆனால் காவல்காரன் தன் கடமையைச் செய்துவிட்டுச் செத்திருக்கிறான். பின்னால் ட்ரான்ஸ்போமர் நன்றாக இருந்தது. 24 வோல்ற் பக்கத்தில் பெரிய கப்பாசிற்றர் ஒன்று தலை வீங்கி நின்றது. அது இடியின் வேலை இல்லை, வயதும் சூடும். மோட்டருக்குத் திசை மாற்றிக் கொடுக்கும் இரண்டு ரிலேக்களின் தொடுகைகள் குழிவிழுந்து கறுத்திருந்தன. அதுவும் இடியின் வேலை இல்லை. ஒரு ரிலே தொடர்ந்து கூடுதல் மின்னோட்டத்தை வெட்டி வெட்டி வேலை செய்தால்தான் அப்படி ஆகும். அதையும் பார்த்தேன். அதையும் விட்டுவிட்டேன்.

எல்லாம் ரவுணில் கிடைத்தன. வேரிஸ்ரர், பியூஸ், கப்பாசிற்றர், இரண்டு ரிலே, மொத்தம் 1,800 ரூபாய். மாற்றிவிட்டு, முதல் தடவை கறண்ட் கொடுக்கும்போது நேரடியாகக் கொடுக்காமல் 100 வாற் குண்டு பல்ப் ஒன்றைத் தொடராகப் போட்டுக் கொடுத்தேன். உள்ளே எங்காவது ஷோர்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், போர்ட் தப்பும். பல்ப் ஒருதரம் மினுங்கி மங்கிவிட்டது. நல்ல அறிகுறி. (குண்டு பல்ப் இப்போது கடையில் தேடினாலும் இல்லை. என்னிடம் இருப்பவற்றைப் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறேன்.) மேசையில் மோட்டர் இரண்டு பக்கமும் அழகாகச் சுற்றியது. கிளாம்ப் மீற்றரில் 1.8 அம்பியர். எரிந்த மணம் இல்லை, தூரிகைக் கரியும் பாதிக்கு மேல் மிச்சம். மோட்டர் போகவில்லை என்பது அன்றிரவே தெரிந்துவிட்டது.

மாமிக்குப் போன் எடுத்து "98,000 ரூபாயை மிச்சம் பிடிச்சிட்டன்" என்று பெருமையடித்தேன்.

இரண்டாம் சுற்று: வெட்கக்கேடு

அடுத்த நாள் கொண்டுபோய்ப் பூட்டி சுவிட்சை அமர்த்தினேன். கதவு ஒன்றரை அடி எழும்பியது. நின்றது. பெட்டியின் விளக்கு கண் சிமிட்டியது. மறுபடி அமர்த்தினால் இன்னும் ஒரு அடி. பிறகு நின்றது.

அப்போது மாமி சர்வசாதாரணமாகச் சொன்னார்: "அது உப்பிடித்தான் தம்பி. ஆவணிக்குப் பிறகு மூண்டு நாலு தரம் அமத்தினாத்தான் முழுக்க ஏறும்."

"மாமி, இதை ஏன் முதல்லயே சொல்லேல்ல?"

"நீ இடி விழுந்ததைத்தானே கேட்டனீ."

உண்மைதான். நான் கேட்டது "எப்ப நிண்டது?" என்று மட்டுமே. "நிற்பதற்கு முன் எப்படி இருந்தது?" என்று கேட்கவில்லை. வைத்தியர் கேட்கும் முதல் கேள்வி அது. அன்று உட்கார்ந்து, தேத்தண்ணியோடு, ஒரு கொப்பியில் எழுதி எழுதிக் கேட்டேன். வந்த பதில்களைக் கால வரிசைப்படி அடுக்கினால் கதை வேறாக இருந்தது.

2024 சிவராத்திரி கழிந்து ஒரு கிழமை இருக்கும், நடுச்சாமத்தில் "டமார்" என்று ஒரு சத்தம். கராஜ் தகரத்தில் தேங்காய் விழுந்தது என்று மாமி நினைத்திருக்கிறார். காலையில் தேங்காயைத் தேடியும் கிடைக்கவில்லை. அந்தக் கிழமையிலிருந்து கதவு மெதுவாக ஏறத் தொடங்கியது, இடது பக்கம் உரசியது. கவனிப்பவர் வந்தார். சனலுக்குள் கிறீஸ் அப்பினார், பெட்டியைத் திறந்து ஒரு திருகைத் திருப்பினார், கயிற்றை மேலே கட்டினார். கதவு மறுபடி நன்றாக ஏறியது. கொஞ்ச மாதம்தான். ஆவணியில் நின்று நின்று ஏறத் தொடங்கியது. ஒக்டோபரில் இடி.

அவர் திருப்பிய திருகு எது என்று பார்த்தேன். எவ்வளவு எதிர்ப்பு வந்தால் மோட்டர் நின்று திரும்ப வேண்டும் என்பதை வைக்கும் திருகு. கடைசி மட்டும் திருப்பியிருந்தது. அதாவது கதவு பாரமாகிவிட்டது என்று மோட்டர் சொன்னதைக் கேட்காமல், மோட்டரின் வாயைக் கட்டியிருக்கிறார்.

இதை நான் ஏளனமாகச் சொல்லவில்லை. ஒன்றரை அடியில் கதவு நின்றபோது என் திருகாணிச் சாவியும் முதலில் போனது அதே திருகுக்குத்தான். அது ஏற்கெனவே கடைசியில் நின்றபடியால் மட்டுமே நான் தப்பினேன்.

மூன்றாம் சுற்று: தராசு

அடுத்த முறை போனபோது ஓர் ஒத்தாசைக்கு ஆளையும், இரண்டு கிரிப் பிளையரையும், பக்கத்து வீட்டிலிருந்து குளியலறைத் தராசு ஒன்றையும் கொண்டுபோனேன். மாமி தராசைப் பார்த்து, "என்னை ஏத்தாதே" என்றார்.

கதவை மூடிய நிலையில் வைத்து, மெயின் சுவிட்சை நிறுத்தி, கம்பிக்கட்டை வெட்டிக் கயிற்றை இழுத்து மோட்டரை விடுவித்தோம். இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்: இந்தச் சோதனையை மூடிய கதவில்தான் தொடங்க வேண்டும். கதவு பாதியில் நிற்கும்போது கயிற்றை இழுத்தால், ஸ்பிரிங் போயிருக்கும் பட்சத்தில், கதவு முழுப் பாரத்தோடு கீழே வரும். கை, கால், ஸ்கூட்டி எது நின்றாலும் அதன் மேல்தான்.

இரண்டு பேர் குனிந்து தூக்கினோம். சமனான கதவென்றால் ஒரு கையால் எழும்ப வேண்டும், இடுப்பளவில் விட்டால் அங்கேயே நிற்க வேண்டும். இது எங்கள் இருவருக்கும் மூச்சு வாங்க வைத்தது. இடுப்பளவுக்குக் கொண்டுவந்து, சனலில் கதவுக்குக் கீழே கிரிப் பிளையரைக் கடிக்கவிட்டு, மெல்லக் கையைத் தளர்த்தினால் கதவு அப்படியே பிளையரில் வந்து குந்தியது. பிறகு கதவின் நடுவில் தராசை வைத்து அதன் மேல் பலகையொன்றைப் போட்டு மெல்ல இறக்கினோம். 34 கிலோ. இப்படியான கதவு மூடி நிற்கையில் தரையில் ஒரு சில கிலோதான் இருக்க வேண்டும்.

உருளையின் இடது பக்கத்தால் டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஸ்பிரிங் இரண்டில் ஒன்று அறுந்து, நடுவில் இரண்டு விரல் இடைவெளி தெரிந்தது. மாமி தேடிய தேங்காய் அதுதான்.

கணக்கும் சரியாகத்தான் வந்தது. கராஜ் கதவு ஸ்பிரிங்குகளைச் சாதாரணமாக 10,000 தடவை ஏறி இறங்கும் அளவுக்குச் செய்கிறார்கள். மாமி ஒரு நாளைக்கு ஐந்து தரமாவது கதவைத் திறந்து மூடுகிறவர். ஒரு நாளைக்கு 5, வருடத்துக்கு 365 நாள், 8 வருடம்: 14,600. ஸ்பிரிங் தன் ஆயுளைத் தாண்டியும் உழைத்திருக்கிறது. கடலேரிக் காற்றின் உப்பால் அதன் மேல் பூத்திருந்த துருவைப் பார்த்தால், இவ்வளவு நாள் நின்றதே பெரிது.

சனல் இன்னொரு கதை. சோளகக் காற்று வீசும் மாதங்களில் அந்த ஒழுங்கையில் மணலும் தூசும் கண்ணைத் திறக்க விடாது. அந்த மணல் முழுக்க கிறீஸில் ஒட்டி, சனலுக்குள் அரத்தாள் மாதிரி ஆகிவிட்டிருந்தது. ரோலர் கதவின் சனலுக்குள் கிறீஸ் போடவே கூடாது. மண்ணெண்ணெயில் துணி நனைத்து மூன்று தரம் துடைத்து எடுத்தோம். பிறகு காய்ந்த சனலில் மெழுகுதிரியைத் தேய்த்துவிட்டேன். சிலிக்கோன் ஸ்பிரே இருந்தால் அதுவும் சரி. ஈரமாக நிற்கும் எதுவும் வேண்டாம்.

ஆகவே நடந்தது இதுதான். மாசியிலோ பங்குனியிலோ ஒரு ஸ்பிரிங் அறுந்தது. அந்தப் பாரம் மோட்டருக்கு வந்தது. மோட்டர் கூடுதல் மின்னோட்டம் இழுக்க, ரிலே தொடுகைகள் கருகின, கப்பாசிற்றர் சூடாகி வீங்கியது, நைலோன் பற்சக்கரம் தேய்ந்தது. அதன் வாயைக் கட்டியதால் இன்னும் ஆறு மாதம் தேய்ந்தது. கடைசியில் இடி வந்து பியூஸை எரித்தது. எல்லோரும் இடியைக் கண்டோம்.

ஒரு சின்ன வழக்கு இதோடு சேர்ந்தே ஓடிக்கொண்டிருந்தது. ரிமோட் கேற்றடியில் இருந்து முன்பு வேலை செய்தது, இந்த வருடம் கதவுக்குக் கிட்டப் போனால்தான் வேலை செய்கிறது என்று மாமி சொன்னார். அதையும் போர்ட்டின் பழுதுக் கணக்கில்தான் எழுதியிருந்தார்கள். ரிமோட்டின் 12 வோல்ற் பற்றறி 9.3 இல் நின்றது. மாற்றினோம், கொஞ்சம் கூடியது, முழுதாக இல்லை. பிறகு தற்செயலாகக் கராஜ் விளக்கை அணைத்தபோது கேற்றடியிலிருந்தே பிடித்தது. மோட்டர் பெட்டியிலிருந்து ஒரு முழத்தில் மாட்டியிருந்த மலிவான எல்ஈடி பல்ப், தன் உள்ளிருக்கும் சின்னச் சுற்றால் ரேடியோ இரைச்சலைக் கக்கி ரிமோட்டின் சைகையை மூடிக்கொண்டிருந்தது. ரேடியோ காலத்து ஆளான எனக்கு இது முதல் நாளே பிடிபட்டிருக்க வேண்டும்.

திருத்துவதா, புதிதாகப் போடுவதா

98,000 ரூபாய் விலைத் துண்டை எடுத்து மறுபடி வாசித்தேன். மோட்டர், போர்ட், இரண்டு ரிமோட், பூட்டும் கூலி. ஸ்பிரிங் என்ற சொல்லே இல்லை. அந்தக் காசைக் கொடுத்திருந்தால் புது மோட்டர் அதே 34 கிலோவில் தொங்கியிருக்கும். புதிது என்பதால் ஒரு வருடம் இழுத்திருக்கும், இரண்டு வருடம் இழுத்திருக்கும். பிறகு அதற்கும் ஓர் இடி வந்திருக்கும்.

மச்சானுக்கு இதை விளங்கப்படுத்துவதுதான் கதவைத் தூக்குவதை விடக் கஷ்டம். வெளிநாட்டுக் காசுக்கு ஒரு குணம் உண்டு: அங்கே கூலி விலை அதிகம், சாமான் மலிவு, ஆகவே "எறிஞ்சிட்டுப் புதுசு போடு" என்பது அங்கே புத்தி. இங்கே கூலி மலிவு, சாமான் விலை, உதிரிப்பாகம் கிடைத்தால் திருத்துவதுதான் புத்தி. ஆனால் கிடைத்தால் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த மோட்டரை இறக்குமதி செய்தவர்கள் அந்த மாதிரியை விட்டுப் பல வருடம். ஸ்பிரிங் எந்தக் கதவுக்கும் அளவுக்குச் செய்து தருகிறார்கள், போர்ட் சாமான்கள் பொதுவானவை. நைலோன் பற்சக்கரம்தான் எங்கும் இல்லை. யாழ்ப்பாணத்திலும் இல்லை, கொழும்பில் கேட்டுப் பார்த்தும் இல்லை.

பற்சக்கரத்தைக் கழற்றிக் கழுவிப் பார்த்தேன். பற்களின் ஒரு முகம் மட்டும் தேய்ந்து கூராகியிருந்தது, மறுமுகம் புதிதுபோல. பாரம் ஏற்றும் பக்கத்துக்குத்தானே தேய்வு. இரண்டு பக்கமும் ஒரே வடிவான சக்கரம் என்பதால் அதைத் திருப்பிப் போட்டேன். தேயாத முகம் இப்போது பாரத்தை எடுக்கும். மாவு ஆட்டும் மெசின் வைத்திருந்த எங்கள் ஐயா செய்கிற வேலை இது, அவர் இதற்குப் பெயர் ஒன்றும் வைக்கவில்லை.

மாமியிடமும் மச்சானிடமும் நான் சொன்ன முடிவு இப்படி: இப்போது திருத்துவோம். ஆனால் இந்தப் பற்சக்கரத்தின் இரண்டாவது முகமும் தேய்கிற நாளில், திருத்துவதற்கு இன்னொரு சதமும் செலவழிக்காமல் மோட்டர் செற்றையே மாற்றுவோம். அன்று பல்லியையோ இடியையோ பேசக் கூடாது. அந்த நாளுக்குக் காசை ஒதுக்கி வை.

இன்னொரு நிபந்தனையும் வைத்தேன். ஸ்பிரிங் மாற்றிய பிறகு அந்தத் திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பி, தடை வந்தால் கதவு நின்று மேலே திரும்புகிறதா என்று பார்ப்பேன். திரும்பாவிட்டால் விலையைப் பற்றிப் பேச்சே இல்லை, புதிதுதான். அமெரிக்காவில் 1993 ஜனவரி முதலாம் திகதி தொடக்கம் செய்யும் வீட்டுக் கராஜ் மோட்டர்களுக்குச் சட்டமே இருக்கிறது: இறங்கும் கதவு ஒரு தடையில் முட்டினால் இரண்டு செக்கனுக்குள் மேலே திரும்ப வேண்டும், அதோடு வாசலுக்குக் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத கதிர் போன்ற இன்னொரு காவலும் இருக்க வேண்டும். குழந்தைகள் கதவுக்குக் கீழே அகப்பட்டு இறந்த பிறகு வந்த சட்டம். மாமி வீட்டுக் கதவு போட்டபோது அந்தக் கதிர் சோடி "எக்ஸ்ட்ரா" என்று விட்டுவிட்டார்கள். மச்சானின் மகளுக்கு நாலு வயது, அடுத்த விடுமுறைக்கு வருவாள். அதைச் சொன்னதும் கனடாவிலிருந்து வாதம் எல்லாம் நின்றது.

வேலை

ஸ்பிரிங்கில் நான் கை வைக்கவில்லை. முறுகி நிற்கும் ஸ்பிரிங் கை விரலை எடுத்துவிடும். போர்ட் தெரிந்தவனுக்கு அது தெரிய வேண்டும் என்றில்லை, தெரியாது என்று தெரிந்தால் போதும். கோண்டாவிலில் இருந்து ஒரு பொடியன் வந்து அளவெடுத்தான். ஒன்றுதான் அறுந்தது, இரண்டையும் மாற்றச் சொன்னேன். "மற்றது நல்லா இருக்கே அண்ணை" என்றான். ஒரே நாளில் போட்ட ஸ்பிரிங், ஒரே எண்ணிக்கை சுற்றியிருக்கிறது. அதற்கும் நாள் எண்ணப்பட்டுவிட்டது.

நவம்பர் கடைசிக் கிழமை ஃபெங்கல் புயல் மழை. ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணீர். பொடியன் வரவில்லை, ஸ்பிரிங்கும் வரவில்லை. மாமி ஸ்கூட்டியை வீட்டு முன் விறாந்தையில் படங்கு மூடி வைத்திருந்தார். மார்கழித் திருவெம்பாவைக்கு முன் கதவு சரிவர வேண்டும், விடிய நாலரைக்குக் கோயிலுக்குப் போக வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் வைத்த கெடு. டிசம்பர் இரண்டாம் கிழமையில் வேலை முடிந்தது.

ஸ்பிரிங் இரண்டும் கூலியோடு 26,000. போர்ட் சாமான் 1,800. கதிர் சோடி 7,000. பழைய ரிமோட் ஒவ்வொரு தடவையும் ஒரே குறியீட்டையே அனுப்பும் வகை. ரவுணில் ரிமோட் நகல் எடுக்கும் கடையில் ஐந்து நிமிடத்தில் இன்னொன்று செய்துவிடலாம். தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டுக்கு அது ஆகாது. ஆகவே ஒவ்வொரு அமுக்கலுக்கும் குறியீடு மாறும் தனி ரிசீவர் ஒன்றை, இரண்டு ரிமோட்டோடு, 6,500 ரூபாய்க்கு வாங்கிச் சுவர் சுவிட்சின் இரண்டு வயரோடு இணைத்தேன். பழைய போர்ட்டின் நினைவில் இருந்த ரிமோட்டுகளை அழித்தேன். ரிசீவர் பல்ப்பிலிருந்து தள்ளி, கேற் பக்கச் சுவரில்.

மெயின் போர்ட்டில், வயர் வழியாக வரும் அதிக மின்னழுத்தத்தை எர்த்துக்குத் தள்ளிவிடும் இடி தாங்கி ஒன்று, 6,000. அதைப் பூட்டப் போனபோதுதான் பார்த்தேன், எர்த் வயர் கிணற்றடிக் கம்பியில் இருந்து துருப்பிடித்துக் கழன்று காற்றில் நின்றது. எர்த் இல்லாத வீட்டில் இடி தாங்கி பொம்மை. முதலில் புதுக் கிளாம்ப் போட்டு எர்த்தைச் சரிசெய்தோம். அந்த வீட்டில் எட்டு வருடமாக, கசிவு கண்டால் கறண்டை வெட்டும் ட்ரிப் சுவிட்சை நம்பித்தான் எல்லோரும் குளித்தார்கள்.

மொத்தம் 47,300. என் கூலி இதில் இல்லை, மாமி பனங்காய்ப் பணியாரத்தில் கட்டிவிட்டார். நாணயமாகக் கணக்குப் போட்டால், நான் அலைந்த நாட்களுக்கு ஒரு 15,000 சேர்க்க வேண்டும், 62,300. ஆகவே "பாதி விலைக்கு முடித்தான்" என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். சரியான ஒப்பீடும் 98,000 இல்லை. புது செற்றோடு ஸ்பிரிங்கும் எர்த்தும் கதிரும் போட்டிருந்தால் எவ்வளவு வந்திருக்குமோ அதுதான்.

அப்புறம் அளவுகள். தராசில் 7 கிலோ. இடுப்பளவில் விட்டால் கதவு நிற்கிறது. ஏறும்போது மோட்டர் இழுப்பது 3.2 அம்பியர். முன்பு ஒன்றரை அடியில் நின்றபோது 9 ஐத் தொட்டது. திருகைக் குறைத்து வைத்து, ஒன்றரை அங்குலப் பலகை ஒன்றைத் தரையில் போட்டுக் கதவை இறக்கினேன். தொட்டது, நின்றது, திரும்பியது. பத்துத் தரம் செய்தேன். பத்தும் சரி. மாமி ஒரு கதிரையைப் போட்டு இருந்து எண்ணினார், பரீட்சை மேற்பார்வை மாதிரி.

கயிற்றைக் கீழே தொங்கவிட்டு, நுனியில் சிவப்புக் குமிழ் ஒன்றைக் கட்டி, மூடிய கதவில் மட்டும் இழுக்கச் சொல்லி, மூன்று தரம் மாமியைக் கொண்டே இழுத்துத் தூக்குவித்தேன். மூன்றாம் தரம் ஒரு கையால் தூக்கினார்.

2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொன்றரை அளவில் நாடு முழுக்கக் கறண்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததாம் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவு வந்தது மாமியின் கதவு. போன் எடுத்தேன், எடுக்கவில்லை. இன்னொரு தரம் எடுத்தேன். அரை மணி கழித்து அவரே எடுத்தார். பின்னால் சந்தைச் சத்தம்.

"மாமி, கறண்ட் இல்லையே, எப்பிடி வெளிய வந்தனீங்கள்?"

"கயித்தை இழுத்துப்போட்டுத் தூக்கினன். வேற எப்பிடி?" கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா அந்தக் குமிழ் உயரத்தில நிக்குது தம்பி. எட்டி எட்டித்தான் பிடிக்க வேண்டிக் கிடக்கு. வாற நேரம் கயித்தை ஒரு முழம் கூட்டிக் கட்டிவிடு."